பெரியோர் முடிந்து வைத்த பணம்

 

மதீனத்துக் கடைவீதியிலே ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் அன்ஸாரித் தோழர் ஒருவர் கொடுக்கல் வாங்கல் செய்து வந்தார். (இது அவருடைய தந்தை முன்கித் (ரலி) அவர்களைப் பற்றியது என்று கூறுவோரும் உளர்.) முன்பு தலையில் பட்ட காயம் அவருடைய நாவையும் நிதானத்தையும் தளர்த்தியிருந்தது. ஆனால் வியாபாரத்தின் மீதுள்ள ஆசை மட்டும் தளரவில்லை. சந்தைக்குப் போவார்; விலைக்கு மேல் கொடுத்து வாங்கி வருவார். மறுநாளும் போவார்.

வீட்டார் பொறுத்துப் பார்த்து முடியாமல் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்திற்கு வந்து, இவர் வியாபாரம் செய்யாதபடி தடை விதிக்க வேண்டும் என்று முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அவரை அழைத்து, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். வியாபாரம் செய்யாமல் இருக்கத் தம்மால் இயலவில்லை என்று அவர் சொன்னார். அதன்பின் நாயகம் (ஸல்) அவர்கள் தடையை வற்புறுத்தவில்லை. அவரைக் கைவிடவும் இல்லை. வாங்கும்போது ‘லா கிலாபா’, அதாவது இதில் ஏமாற்று இருக்கக் கூடாது, என்று சொல்லிவிட்டு வாங்கும்படியும், அப்படி வாங்கிய பொருளை மூன்று இரவுகள் வரை வைத்துப் பார்த்து, பிடித்தால் கொள்ளவும் இல்லையேல் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டென்றும் அருளினார்கள். அந்த இரண்டு சொற்களைக்கூட அவரால் திருத்தமாகச் சொல்ல வரவில்லை. ‘லா கியாபா’ என்றே சொல்லி வந்தார் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது.

அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 130 ஆண்டுகள் என்று ஓர் அறிவிப்பு. ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவில் ஜனங்கள் பெருகிவிட்டனர். அப்போதும் அவர் பொருள் வாங்கி வருவார். வீட்டார், ‘உம்மை ஏமாற்றிவிட்டார்களே’ என்றால் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார். விற்றவன் வாங்க மறுப்பான். அவ்வழியே செல்லும் ஸஹாபாக்களில் ஒருவர் நின்று, ‘இவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று நாள் உரிமை தந்தது உண்மைதான்’ என்று சாட்சி சொல்வார். பொருள் திரும்பும்.

இந்த நிகழ்ச்சியை வைத்து ஃபிக்ஹு நூல்களில் எழுந்த ஆராய்ச்சி பெரிது. வாங்கியபின் திருப்பும் நிபந்தனையை மூன்று நாட்களுக்கு மேல் நீட்டக் கூடாது என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களும் வைத்த எல்லைக்கு இதுவே ஆதாரம். புத்தி சுவாதீனமுள்ள ஒருவர் பணத்தைச் சரியாக ஆளத் தெரியாதவராக இருந்தாலும் அவர் கையைக் கட்டக் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் முடிவு. கட்டலாம் என்போரும் இதே ஹதீஸைக் காட்டுகிறார்கள். அந்த விவாதத்தை ஆலிம்களுக்கு விட்டுவிட்டு நாம் நம் வீட்டுக்கு வருவோம். ஏனெனில் ஹப்பான் (ரலி) அவர்களின் வீட்டார் பட்ட கவலை இன்று நம்மில் பலருடைய வீட்டில் இருக்கிறது.

கடைவீதி இப்போது வாப்பாவின் சட்டைப் பையிலும் உம்மாவின் தலையணை அடியிலும் இருக்கும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் துபாயிலும் ரியாதிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதற்கென்று வாங்கிக் கொடுத்த போன் அது. அதன் வழியாகவே திருடனும் வருகிறான்.

எப்படி வருகிறான் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அழைப்பு வரும். ‘உங்கள் ஆதாரைக் காட்டி எடுத்த சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது, உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப் பொருள் சிக்கியிருக்கிறது’ என்பான் ஒருவன். அடுத்து வீடியோவில் போலீஸ் உடுப்புடன் இன்னொருவன் தோன்றுவான். பின்னால் காவல் நிலையம் போன்ற அமைப்பு, மேசையில் கொடி, சுவரில் முத்திரை. நம்மவர்களிடம், ‘தீவிரவாதிகளுக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அது நம் வீட்டுப் பெரியவரை எப்படி நடுங்க வைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ‘நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள். காமிரா முன்னாலிருந்து எழக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் உள்ளே போவார்கள். சரிபார்ப்பதற்காகப் பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், இரண்டு நாளில் திரும்பி வரும்’ என்பான். இதற்கு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைக் குறிப்பிட்டு எச்சரிக்க வேண்டியதாயிற்று.

‘படிக்காத கிழவர்கள் ஏமாறுகிறார்கள்’ என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2024-ல் லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதினர், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவர், இதே வலையில் 7 கோடி ரூபாயை இழந்தார். உச்ச நீதிமன்றம் நடப்பது போலவே போலி விசாரணை ஒன்றை வீடியோவில் நடத்தி, தலைமை நீதிபதியாகவே ஒருவன் நடித்திருக்கிறான். அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. இத்தனை பெரிய நிறுவனத்தை ஆண்டவர் ஏமாந்திருக்கிறார் என்றால், நம் வீட்டு முற்றத்தில் தஸ்பீஹும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நன்னி எம்மாத்திரம்?

பயம் காட்டுவது ஒரு வழி. ஆசை, பாசம், பக்தி இவற்றைக் காட்டுவது மற்ற வழிகள். ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்கும் நவம்பர் மாதத்தில், ‘சான்றைப் புதுப்பிக்கிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்பான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்புவான். தொட்டுத் திறந்தால் போனின் சாவி அவன் கைக்குப் போய்விடும். பேரனுடைய குரலிலேயே, ‘விபத்தாகிவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று அழ வைக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. வாசலுக்கே வந்து செய்வினை எடுக்கிறேன் என்றும், ஓதிக் கொடுத்தால் நகை இரட்டிக்கும் என்றும் சொல்லித் தாலிச் சங்கிலியைக் கழற்றிப் போகிறவனோ போன் வருவதற்கு முன்னாலேயே இருந்தவன்.

இத்தனை வகையிலும் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்பதுதான் அது. அந்தச் சொல் நம் பெரியவர்களிடம் ஏன் இவ்வளவு எளிதாகப் பலிக்கிறது? நம்மைக் கண்டு அவர்கள் பயப்படுவதால் பலிக்கிறது.

சற்று நிதானித்து இதை யோசிக்க வேண்டுகிறோம். போன மாதம் அத்தா போனில் எதையோ தொட்டு முந்நூறு ரூபாய் போய்விட்டது. மகன் என்ன சொன்னான்? ‘உங்களுக்கு எத்தனை தடவை சொல்வது?’ என்றான். பேரன் சிரித்தான். மருமகள் வாய் திறக்கவில்லை என்றாலும் முகம் பேசிற்று. ‘இனி போனைத் தொடாதீர்கள்’ என்ற தீர்ப்பும் வந்தது. முந்நூறு ரூபாய்க்கு இது நடந்த வீட்டில், மூன்று லட்சம் போகும்போது அத்தா வாயைத் திறப்பாரா? திறக்க மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் சொன்னபடி இன்னும் இரண்டு லட்சம் அனுப்பி, போனதை மீட்கப் பார்ப்பார். திருடனுக்குப் பாதி வேலையை நாம் முன்பே செய்து வைத்திருக்கிறோம்.

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமையடைந்துவிட்டால் அவர்களை நோக்கிச் ‘சீ’ என்று கூடச் சொல்லக் கூடாது, விரட்டக் கூடாது, கண்ணியமாகவே பேச வேண்டும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ம் வசனம் கட்டளையிடுகிறது. இதை ஓதும்போது சோறு போடுவதும், கை கால் பிடித்து விடுவதும், மருந்து வாங்கித் தருவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த ஒரு சொல்லை இறைவன் தடுத்திருப்பதிலே அவர்களுடைய பொருளுக்கும் காவல் இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. ‘சீ’ என்று கேட்ட காது அடுத்த முறை விஷயத்தை நம்மிடம் கொண்டு வராது. சலிப்பில்லாத முகம் இருக்கும் வீட்டில் உம்மா, ‘வாப்பா, யாரோ போலீஸ் என்று பேசுகிறான்’ என்று போனைப் பிடித்தபடியே அடுக்களையிலிருந்து ஓடி வருவாள். போனில் எந்தப் பூட்டைப் போட்டாலும் அதற்கு ஈடாகாது.

இனி பக்தியைக் காட்டிப் பிடிப்பவர்களைப் பற்றி. இது நம் சமுதாயத்தின் தனிப் புண். எனவே ஒளிக்காமல் பேசுவோம். முதுமையில் நம்மவர்களின் பெரிய ஆசை ஹஜ். நாற்பது ஆண்டு சேர்த்த பணம், விற்ற தென்னந்தோப்பு, மகன் அனுப்பிய காசு எல்லாம் அந்த ஒரு நிய்யத்துக்காகவே காத்திருக்கும். ‘கமிட்டியில் காத்திருக்க வேண்டாம், நான் வேறு விசாவில் அழைத்துப் போகிறேன்’ என்று ஒருவன் வந்தால் அவன் கையை முத்தமிடத் தோன்றும். 2024-ல் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிய அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மௌத்தானார்கள். அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி சுகாதார அமைச்சர் அறிவித்தார். முறையான ஹாஜிகளுக்குரிய கூடாரமும் குளிர்ச்சியும் வாகனமும் இல்லாமல் வெயிலிலே நடந்தவர்கள் அவர்கள். வயோதிகரும் நாட்பட்ட நோயாளிகளும் அவர்களில் இருந்தனர். எகிப்து அரசு அவ்விதம் ஆட்களை அனுப்பிய 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. பணம் போனதோடு உயிரும் போயிற்று. அல்லாஹ் அவர்களை மன்னித்து ஏற்றுக்கொள்வானாக.

ஹஜ்ஜுக்கென்று தனி விசா உண்டு. சுற்றுலா விசாவிலோ உறவினரைப் பார்க்கும் விசாவிலோ ஹஜ் செய்ய சவூதி அரசு அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலிருந்து போக ஹஜ் கமிட்டி ஒரு வழி. மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் அனுமதி பெற்ற தனியார் குழுக்கள் மற்றொரு வழி. அந்தக் குழுக்களின் பட்டியலை அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. அழைப்பவர் தாடியும் தலைப்பாகையும் உடையவரா என்று பார்ப்பதைக் காட்டிலும், அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

‘ஹலால் லாபம்’ என்று வருகிறவர்களும் இப்படித்தான். வங்கி வட்டி வேண்டாம் என்று அஞ்சுகிறவர் ஈமானுள்ளவர். அந்த அச்சத்தையே தூண்டிலாக்குகிறார்கள். பெங்களூரில் 2006-ல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் மார்க்க முறைப்படி முதலீடு என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டிற்று. 2019 ஜூன் மாதம் அதன் தலைவர் நாட்டை விட்டு துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் டில்லி வந்திறங்கியபோது கைதானார். புகார் கொடுத்தவர்கள் 40,000 பேருக்கு மேல். ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்களும், கணவன் விட்டுப் போனதைப் போட்ட விதவைகளும் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

இங்கே மார்க்கச் சட்டமே நமக்கு ஓர் உரைகல் தருகிறது. ஒருவர் முதல் போட்டு மற்றவர் உழைக்கும் முளாரபா முறையில், கிடைத்த லாபத்தில் இன்ன பங்கு என்றுதான் பேசலாம். நஷ்டம் வந்தால் அது முதலைச் சாரும். ‘முதலுக்குப் பழுதில்லை, லட்சத்துக்கு மாதம் இவ்வளவு நிச்சயம்’ என்று சொன்னால் அது முளாரபாவே அல்ல. சொல்பவர் ஹலால் என்று எத்தனை முறை சொன்னாலும் சரி. இதை நம் மதரஸா மாணவர்கள் கிதாபில் ஓதுகிறார்கள். ஜும்ஆ பயானில் சொன்னால் எத்தனையோ வீடுகள் பிழைக்கும்.

வெளியாரை மட்டும் சொல்லி முடித்தால் நாம் நீதி செய்தவர்கள் ஆக மாட்டோம். ‘வாப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, நாம் பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்லி, பென்ஷன் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, பின்பு தைலம் வாங்க ஐம்பது ரூபாய்க்கு அவரைக் கையேந்த வைக்கும் பிள்ளைகள் இல்லையா? என்ன பத்திரம் என்று சொல்லாமலே கைரேகை வாங்கி, வீட்டைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்ட மகன்கள் இல்லையா? திருமறையின் மிக நீண்ட வசனம் கடன் எழுதுவதைப் பற்றியது. அல்பகராவின் 282-ம் வசனம். அதிலே, பொறுப்புள்ளவர் விவேகம் குன்றியவராகவோ பலவீனராகவோ தாமே வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய காப்பாளர் நீதியோடு சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்று வருகிறது. ‘நீதியோடு’ என்ற சொல் அங்கே வீணாக வரவில்லை. பலவீனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நலனை எழுதச் செய்பவரே காப்பாளர். அவருடைய இடத்தில் உட்கார்ந்து தன் நலனை எழுதிக்கொள்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பராமரிப்பேன் என்ற உறுதியின் பேரில் சொத்தை எழுதிக் கொடுத்தால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவின்படி, வாக்குத் தவறினால் கோட்டாட்சியரிடமுள்ள தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். முதியோர் உதவிக்கென்றே 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

இன்னுமொரு செய்தி, கசப்பானது. இந்தத் திருடர்கள் பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ ஒரு வேலையற்ற வாலிபனின் கணக்கை, ‘உபயோகிக்கக் கொடு, ஐயாயிரம் தருகிறேன்’ என்று வாடகைக்கு எடுக்கிறார்கள். அவனும் பாஸ் புத்தகம், கார்டு, சிம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்தக் காசில் பெருநாளுக்குத் துணி எடுக்கிறான். போலீஸ் முதலில் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை. யாரோ ஓர் ஊரில் ஒரு தாய் ஜனாஸாச் செலவுக்கென்று முடிந்து வைத்திருந்த பணம் அந்தக் கணக்கின் வழியே போயிருக்கிறது. அதிலே வந்த ஐயாயிரம் ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு சொல் இல்லை. நாளை மஹ்ஷரில் அந்தத் தாய் அவனைத் தேடுவாள்.

சரி, வீட்டில் செய்யக் கூடியது என்ன? ஹப்பான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தவற்றையே நம் பெரியவர்களுக்கும் கொடுக்கலாம். அவருக்கு ஒரு சொல் கிடைத்தது. நம் வீட்டிலும் குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்வோம். பேரனின் குரலில் யார் அழுதாலும் அந்தச் சொல்லை உம்மா கேட்கட்டும். மூன்று இரவுகள் கிடைத்தன. எந்த முதலீடானாலும், எந்தப் பயணக் கட்டணமானாலும், எந்தக் கையெழுத்தானாலும் மூன்று இரவு கழித்துத்தான் என்று வீட்டு வழக்கமாக வைப்போம். மூன்று நாள் பொறுக்க முடியாது என்று துடிக்கிற வியாபாரியை அந்தத் துடிப்பே காட்டிக் கொடுத்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு போன்றவை வேறு. அங்கே நேரில் ஆள் இருப்பார். பணம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பெரிய வைப்புத் தொகையை மட்டும் போன் வழியாக எடுக்க முடியாதபடி வங்கியில் ஏற்பாடு செய்து தரலாம், அவர்கள் சம்மதத்தோடு.

வழியில் நின்று சாட்சி சொன்ன ஸஹாபாக்களின் இடம் இன்று மஹல்லாவுக்கு உரியது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஜமாஅத்துக்குத் தெரியும். ‘போலீஸ், கோர்ட், பேங்க் என்று எந்தப் போன் வந்தாலும் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்’ என்று இரண்டு மூன்று நம்பிக்கையான வாலிபர்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த வீடுகளின் சுவரில் ஒட்டலாம். பெண்கள் பகுதியிலும் படித்துக் காட்டலாம். முக்கியமாக, இத்தாவில் இருக்கும் பெண்களின் வீட்டுக்குப் பொறுப்பான ஒரு பெண்மணி போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். கணவனின் காப்பீட்டுப் பணம் வரும் அந்த நாட்களை மோசக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால் மூன்று இரவு காத்திருக்கும் பேச்சு அங்கே இல்லை. அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எடுப்பதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால் இடையிலே முடக்கிவிட முடியும். ‘எவ்வளவு? ஏன் கொடுத்தீர்கள்?’ என்ற விசாரணையையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் எண்ணை அழுத்தி, போனை உம்மாவின் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். எந்த வங்கி, எத்தனை மணி, எந்தக் கணக்குக்கு என்று அங்கே கேட்பார்கள். உம்மாவுக்கு நினைவிருப்பதை உம்மாவே சொல்லட்டும், மற்றதை எடுத்துக் கொடுங்கள்.